பருத்த உடலும் வெளுத்த இரத்தமும்

ஒருவருடைய உடல்நலத்தைக் கண்ணால் பார்த்தே அளந்துவிடலாம் என்பது உலக வழக்கில் ஆழ வேரூன்றிய நம்பிக்கை. மெலிந்த பெண்ணைக் கண்டால் 'இரத்தமே இல்லை' என்கிறோம். சற்றே சதை பிடித்த பெண்ணைக் கண்டால் 'பூசினாற்போல் இருக்கிறாள், நல்ல புஷ்டி' என்கிறோம். ஊரிலிருந்து தில்லிக்கோ மும்பைக்கோ வருகின்ற உறவினர், மகளின் தோற்றத்தைக் கண்டு, 'வடநாட்டுத் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டது' என்று மகிழ்ந்து திரும்புவதும் உண்டு. இந்த நம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. வசதியுள்ள குடும்பத்தை இந்தி பேசுவோர் 'காத்தே பீத்தே கர்' என்பர். உண்டு குடித்து வாழும் வீடு என்பது அதன் நேர்ப் பொருள். அவ்வீட்டாரின் உடற்பருமனையும் அத்தொடரே நயமாகக் குறித்துவிடும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்தகைய தொடர்களை நாள்தோறும் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறோம். சொற்கள் மாறுகின்றன, அவற்றினுள் இருக்கும் எண்ணம் மாறுவதில்லை. உடல் பருத்திருந்தால் இரத்தம் செழித்திருக்கும் என்பதே அவ்வெண்ணம்.

இவ்வெண்ணம் பொய் என்பதை வைத்திய வரலாறு மெல்ல மெல்லக் கண்டறிந்தது. பருத்த உடலினுள் இரும்புச் சத்துக் குன்றிய இரத்தம் ஓடக்கூடும். அதுமட்டுமன்று, மிகுந்த கொழுப்பே அக்குறைவுக்கு ஒரு காரணமாகவும் அமையக்கூடும். இது ஏட்டுச் செய்தி மட்டும் என்று தள்ளிவிடத்தக்கதன்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாலையானால் உடல் ஓய்ந்துவிடுகிறது, எதிலும் மனம் ஊன்றவில்லை என்று பருத்த பெண் ஒருத்தி சொன்னால், 'எடையைக் குறை, சோம்பலை விடு' என்பதே வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் விடை. அவளும் அதை நம்பித் தன்னையே நொந்துகொள்கிறாள். அவள் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. அவ்வாறு தோன்றாததற்கு ஒரு வரலாறு உண்டு. தோன்றவேண்டும் என்று நமக்குக் கற்பித்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றையே இங்கே காண்போம்.

நம் நாட்டுப் பழைய வைத்திய நூல்களிலிருந்து தொடங்குவோம். உடல் வெளிறி வலிவிழக்கும் நோயை ஆயுர்வேத நூலார் பாண்டு என்று வழங்கினர். சரக சம்ஹிதையில் அந்நோய்க்கென ஓர் அத்தியாயமே உள்ளது. அதற்குச் சொல்லப்பட்ட மருந்துகளுள் இரும்புப் பொடி சேர்ந்தவை முதன்மையானவை. நம் சித்த வைத்தியர்களும் அயச்செந்தூரத்தைச் சோகைக்கு வழங்கிவந்தனர். அதே சரக சம்ஹிதை மற்றோரிடத்தில் மிகப் பருத்த உடலைப் பற்றிப் பேசுகிறது. அத்தகையோரிடம் கொழுப்பு ஒன்றே பெருகுகிறது. உடலின் ஏனைய தாதுக்கள் அவ்வளவு வளர்வதில்லை என்பது அதன் கருத்து. அத்தாதுக்களுள் இரத்தமும் ஒன்று. இதைக் கொண்டு இக்காலத்து ஆராய்ச்சி முடிவுகளையெல்லாம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர் என்று கூறுவது மிகை. எனினும், பருமன் வேறு, வளம் வேறு என்ற வேறுபாட்டை அவர்கள் கண்டிருந்தனர். பின்வந்த உலக வழக்கு அவ்வேறுபாட்டை மறந்தது.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். 1554இல் யோஹான்னஸ் லாங்கே என்னும் ஜெர்மானிய வைத்தியர், இளம்பெண்கள் வெளிறிக் களைத்து மூச்சுவாங்கும் ஒரு நோயை வருணித்து எழுதினார். கன்னியர்க்கு உரிய நோய் என்று அதற்குப் பெயரிட்ட அவர், திருமணத்தையே மருந்தாகக் கூறினார். பின்னர் இந்நோய்க்குக் குளோரோஸிஸ் என்ற பெயர் வழங்கலாயிற்று. வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. பச்சைச் சோகை என்று நாம் அதைத் தமிழாக்கலாம். ஒரு பெண் களைத்திருந்தால் அதற்குக் காரணம் அவளுடைய மனத்திலோ, ஒழுக்கத்திலோ, மணமாகாமையிலோதான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு லாங்கேயின் மருந்தே சான்று.

இரும்பு மருந்தாக ஐரோப்பாவில் நிலைபெற்றது 17ஆம் நூற்றாண்டில். தாமஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில வைத்தியர் இரும்புத் தூளையும், அதனைத் திராட்சை மதுவில் ஊறவைத்த நீரையும் வெளிறிய பெண்களுக்குக் கொடுத்தார், அவர்கள் தேறினர். அது ஏன் பலித்தது என்பது பின்னரே தெரிந்தது. 1713இல் பிரான்ஸில் லெமெரி, ஜெஃப்ராய் என்னும் இருவர் இரத்தத்தை எரித்த சாம்பலில் இரும்பு உண்டென்று காட்டினர். 1746இல் இத்தாலியில் மெங்கினி என்பவர் உலர்ந்த இரத்தத் தூளின் துகள்களைக் காந்தம் ஈர்ப்பதைச் செய்துகாட்டினார். 1832இல் பியர் பிளோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் இரும்பு உப்பை மாத்திரையாக உருட்டிக் கொடுத்துப் பெரும் பயன் கண்டார். அவர் பெயரால் வழங்கிய அம்மாத்திரைகள் நூறாண்டுக் காலம் உலகெங்கும் பரவின.

இக்காலத்து ஏடுகளில் நம் பொருளுக்கு மிக நெருங்கிய குறிப்பு ஒன்று உண்டு. வில்லியம் ஆஸ்லர் 1892இல் வெளியிட்ட வைத்தியப் பாடநூல், இரண்டு தலைமுறை மாணவர்க்கு வேதம்போல் விளங்கியது. பச்சைச் சோகையுற்ற பெண்களின் தோலுக்கடியில் உள்ள கொழுப்புக் குறைவதில்லை. சிலவேளை மிகுந்தும் இருக்கும் என்று அவர் அதில் குறித்துள்ளார். இரத்தம் வெளுத்திருக்கிறது, உடலோ வற்றவில்லை. இம்முரணைக் கண்கள் கண்டன, ஏடுகள் பதிந்தன, ஆயினும் அது ஏன் என்ற வினா எழவில்லை. நோயின் ஓர் அடையாளமாக மட்டும் அது நின்றுவிட்டது.

20ஆம் நூற்றாண்டில் இந்தியாவும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அந்நகரத்துத் துணியாலைகளில் உழைத்த பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகையால் வருந்துவதை ஆராய்வதே அவர் நோக்கம். பின்னர் நம் குன்னூரிலும், சென்னை திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அப்பெண்களின் சோகை இரும்பினால் தீரும் சோகையன்று என்றும், ஈஸ்ட் சாறு அதனைத் தீர்க்கிறது என்றும் 1931இல் அவர் அறிவித்தார். அச்சாற்றில் இருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. சோகை என்பது ஒரே நோயன்று, பல காரணங்களுக்குப் பொதுவான ஒரு பெயர் என்ற பாடத்தை அவர் ஆராய்ச்சி நிலைநாட்டியது. வெளிறிய முகத்தைக் கண்டவுடன் மருந்தைத் தீர்மானித்துவிட முடியாது. உள்ளே நிகழ்வதை அறியவேண்டும்.

உள்ளே நிகழ்வது என்ன? முதிர்ந்த மனித உடலில் இருக்கும் இரும்பு 3 முதல் 4 கிராம் வரைதான். ஒரு சிறிய ஆணியின் எடை. அதில் பெரும்பங்கு இரத்தச் சிவப்பணுக்களிலே தங்கி, மூச்சுக்காற்றின் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்துசெல்ல உதவுகிறது. நாள்தோறும் முதிர்ந்த அணுக்கள் அழிகின்றன. அவற்றிலுள்ள 20 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பை உடல் வீணாக்காமல் மீண்டும் எடுத்துக்கொள்கிறது. உணவிலிருந்து புதிதாக ஏற்பது நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. 1937இல் மெக்கான்ஸ், எல்ஸி விட்டோசன் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இருவர் ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். மிகுந்த இரும்பைக் கழித்து வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லை. ஆகவே உள்ளே வரும் வாயிலிலேயே, அதாவது குடலிலேயே, அதனை அளந்து விடவேண்டியிருக்கிறது என்பதே அது. களஞ்சியத்துக்குப் பின்கதவு இல்லை. முன்கதவில் மட்டுமே காவல். ஆனால் அந்தக் காவற்காரன் யார் என்பது அறுபது ஆண்டுகளுக்கு மேல் தெரியாமலே இருந்தது.

அக்காவலைப் பற்றிய ஒரு குறிப்பு 1940களில் கிடைத்தது. அமெரிக்காவில் கார்ட்ரைட், வின்ட்ரோப் ஆகியோர், தொற்றுநோய் கண்டவர்களின் இரத்தத்தில் ஓடும் இரும்பு விரைந்து குறைவதைக் கண்டனர். இரும்பு உடலை விட்டுப் போகவில்லை, உள்ளேயே பதுக்கப்பட்டது. பகைவர் புகுந்த ஊரில் தானியக் களஞ்சியத்தைப் பூட்டிவிடுவது போன்ற செயல் அது. கிருமிகள் வளர்வதற்கும் இரும்பு தேவை. அவற்றுக்கு அது கிட்டாதபடி உடல் ஒளித்துவைக்கிறது. சில நாட்கள் நீடிக்கும் காய்ச்சலுக்கு இது நல்ல தந்திரம். பகை நீங்காமல் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தால், ஊராரும் பட்டினி கிடப்பர்.

இனி 1962ஆம் ஆண்டுக்கு வருவோம். ழான் மேயர் என்பவர் பாரிஸில் பிறந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உணவியல் பேராசிரியராக விளங்கியவர். பருமன் என்பது வெறும் பெருந்தீனியின் தண்டனை என்ற எண்ணத்தை எதிர்த்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர். அவரும் வென்ஸல், ஸ்டல்ட்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து 'லான்செட்' என்னும் வைத்திய ஏட்டில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். பருத்த இளைஞர்களின் இரத்தத்தில் இரும்பின் அளவு குறைந்திருக்கிறது என்பது அதன் செய்தி. அடுத்த ஆண்டிலேயே மேயரும் ஸெல்ட்ஸரும் பருத்தவரையும் பருக்காதவரையும் ஒப்பிட்டு அதனை மீண்டும் உறுதிசெய்தனர். ஆஸ்லர் காலத்து ஏட்டில் ஓர் அடையாளமாக நின்ற செய்தி, இப்போது அளவுகோலால் அளக்கப்பட்ட உண்மையாயிற்று.

எனினும் அக்கட்டுரை அக்காலத்தில் பெரும் கவனத்தைப் பெறவில்லை. எளிய விளக்கங்கள் கையருகே இருந்தன. பருத்தவர் உண்பது சத்தற்ற பண்டம். ஆகவே இரும்புக் குறைவு என்றனர் சிலர். பெரிய உடலுக்கு மிகுந்த இரத்தம் தேவை. ஆகவே இரும்பு போதவில்லை என்றனர் வேறு சிலர். இவ்விரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் உணவில் இரும்பு ஒத்த அளவில் இருந்தபோதும் ஏன் வேறுபாடு காண்கிறது என்பதற்கு இவை விடையாகவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 2003இல் இஸ்ரேலிலும், 2004இல் அமெரிக்காவிலும் குழந்தைகளிடையே இதே செய்தி மீண்டும் வெளிப்பட்டது. அமெரிக்க ஆய்வில், எடை மிகுந்த குழந்தைகளிடம் இரும்புக் குறைவு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காணப்பட்டது.

இதற்கிடையில், தொடர்பற்றவை போன்று தோன்றிய இரண்டு ஆராய்ச்சிகள் இருவேறு திசைகளில் வளர்ந்துவந்தன. ஒன்று கொழுப்பைப் பற்றியது. உடற்கொழுப்பு என்பது வெறும் சேமிப்பு மூட்டை என்று நெடுங்காலம் கருதினர். 1993இல் அதிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள் சுரப்பது தெரியவந்தது. 1994இல் பசியை அடக்கும் லெப்டின் என்னும் சுரப்பும் கொழுப்பணுக்களினின்றே தோன்றுவது கண்டுபிடிக்கப்பட்டது. 2003இல், பருத்த உடலின் கொழுப்பினுள் நோயெதிர்ப்பு அணுக்கள் திரளாகக் குடியேறியிருப்பதைக் கண்டனர். காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் நீறு பூத்த நெருப்பாக ஓர் அழற்சி உடலினுள் கனன்றுகொண்டிருக்கிறது. அதை நோயாளி உணர்வதில்லை. அவருடைய ஈரல் உணர்கிறது.

மற்றோர் ஆராய்ச்சி அந்தக் காவற்காரனைப் பற்றியது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் விஞ்ஞானிகள் ஈரலில் சுரக்கும் ஒரு சிறு புரதத்தை வெவ்வேறு வழிகளில் கண்டுபிடித்தனர். 25 அமினோ அமிலங்களே கொண்ட அதற்கு ஹெப்சிடின் என்பது பெயர். கிருமிகளை அழிக்கும் பொருள் என்றே முதலில் எண்ணினர். அது இல்லாத எலிகளின் உடலில் இரும்பு அளவின்றிக் குவிவதைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கண்டபோதுதான், நெடுநாள் தேடிய காவல் இதுவே என்பது விளங்கிற்று. குடலணுக்களிலிருந்து இரும்பை இரத்தத்துக்குள் விடும் வாயிற்புரதம் ஒன்று உண்டு. ஹெப்சிடின் அதனோடு பொருந்தி அதனை அழித்து வாயிலை மூடிவிடுகிறது என்பது 2004இல் தெரிந்தது. அழற்சி ஏற்படும்போது ஈரல் ஹெப்சிடினை மிகுதியாகச் சுரக்கிறது என்பதும் அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டது.

இரண்டு இழைகளும் இங்கே முடிச்சாகின்றன. மிகுந்த கொழுப்பு அழற்சியை வளர்க்கிறது. அழற்சி ஹெப்சிடினை மிகுவிக்கிறது. ஹெப்சிடின் குடலின் வாயிலைச் சாத்துகிறது. தட்டில் கீரை இருக்கிறது, பருப்பு இருக்கிறது; உண்டவள் உடலில் அவற்றின் இரும்பு உரிய அளவு சேரவில்லை. ஏற்கெனவே உள்ள இரும்பும் பதுக்கலிலிருந்து எளிதில் வெளிவருவதில்லை. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்ணுடலுக்கு இழப்பு வழக்கம்போல் தொடர்கிறது. வரவு மட்டும் சுருங்குகிறது. ஆடவரைவிடப் பெண்டிர்க்கு இது மிகுந்த கேடு செய்வதற்குக் காரணம் இதுவே.

இந்த விளக்கம் வெறும் கருத்தளவில் நின்றுவிடவில்லை. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாய்லாந்துப் பெண்களுக்கு அடையாளமிட்ட இரும்பு சேர்த்த உணவைக் கொடுத்து, எவ்வளவு உடலில் சேர்கிறது என்று அளந்தனர். உடற்பருமன் ஏற ஏற, ஏற்கப்பட்ட இரும்பு குறைந்தது. மொராக்கோ, இந்தியா ஆகிய நாடுகளின் குழந்தைகளைப் பற்றிய தகவல்களையும் அவ்வாய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தனர். இரும்பு ஊட்டிய உணவை எல்லோருக்கும் கொடுத்தபோதும், எடை மிகுந்த குழந்தைகளிடம் அதன் பயன் குறைவாகவே இருந்தது. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. இரும்பை உடல் ஏற்க வைட்டமின் சி துணைசெய்கிறது என்பது நெடுங்காலமாக அறிந்ததே. அத்துணை, எடை மிகுந்த பெண்களிடம் மற்றவர்க்கு இருப்பதில் பாதியளவே பலிக்கிறது என்று அவ்வாய்வு காட்டிற்று. இதற்கு மறுதலையாக, எடை குறைந்தவர்களிடம் அழற்சியும் ஹெப்சிடினும் தணிவதையும் பிற ஆய்வுகள் கண்டன. சாத்திய கதவு நிலையாகச் சாத்தியதன்று என்பது இதனால் பெறப்படும் ஆறுதல்.

இனி நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். கருவுற்ற பெண்களுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகள் வழங்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. 2018இல் அது சோகையற்ற பாரதம் என்னும் விரிந்த திட்டமாக உருக்கொண்டது. இத்திட்டங்கள் எழுந்த காலத்தில் எல்லோர் மனக்கண்ணிலும் நின்றவள் மெலிந்த, வறிய, உண்ண வழியற்ற பெண். அது தவறன்று, அவளுடைய துயர் இன்றும் தீரவில்லை. ஆனால் அவள் அருகில் மற்றொருத்தியும் வந்து நின்றுவிட்டாள். 2005–06இல் எடுத்த மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் எடை மிகுந்தோர் நூற்றுக்குச் சுமார் 13 பேர். 2019–21இல் எடுத்த ஐந்தாம் ஆய்வில் அத்தொகை 24 ஆயிற்று. அதே காலத்தில் சோகையுற்ற பெண்களின் தொகை நூற்றுக்கு 55இலிருந்து 57 ஆயிற்று. உடல்கள் பருத்தன, இரத்தம் செழிக்கவில்லை.

புலம்பெயர்ந்த தமிழர் தம்மோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கணக்குகள் உள்ளன. அவ்வைந்தாம் ஆய்வின்படி தில்லிப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 41 பேர் எடை மிகுந்தோர். சுமார் 50 பேர் சோகையுற்றோர். தமிழ்நாட்டில் அவ்வெண்கள் முறையே சுமார் 40, 53. ஊரை விட்டு வந்தவர்க்கும் ஊரிலேயே இருப்பவர்க்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. நகர வாழ்வு, குறைந்த உடலுழைப்பு, எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும் மிகுந்த உணவு, காய்கறி சுருங்கிய தட்டு ஆகியவை இரண்டு இடத்திலும் ஒன்றே. கரோல்பாக்கின் வீடுகளுக்கும் மாம்பலத்தின் வீடுகளுக்கும் இடையே தொலைவு அதிகம். அடுக்களைகளுக்கு இடையே அவ்வளவு தொலைவு இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். இவ்வெண்கள் அடுத்தடுத்து நிற்பதனாலேயே ஒன்று மற்றொன்றின் விளைவு என்று முடிவுகட்டுதல் கூடாது. சோகை முழுவதும் இரும்புக் குறைவன்று என்பதை லூசி வில்ஸ் வரலாற்றிலேயே கண்டோம். மெலிந்த பெண்களிடையே சோகை இன்னும் மிகுதி என்பதும் இந்தியக் கணக்கெடுப்புகள் காட்டும் உண்மை. ஆகவே பருமன்தான் சோகைக்குக் காரணம் என்பது நம் கூற்றன்று. பருமன் சோகைக்குக் காப்பு அன்று என்பதும், சிலரிடம் அதுவே இரும்பின் வழியை அடைக்கிறது என்பதுமே நாம் இங்குச் சொல்லவருவது. வறியவளின் குறைவு தட்டிலே தொடங்குகிறது. மற்றவளின் குறைவு தட்டைத் தாண்டியும் தொடர்கிறது.

எடை மிகுதியை அறிவது எளிது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். விடை 25ஐத் தொட்டால் மேற்சொன்ன ஆய்வுகள் எடை மிகுதி எனக் கொள்ளும். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 60 கிலோ அந்த எல்லை. ஆசிய மக்களுக்கு 23இலேயே கவனம் தொடங்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கருத்துரைத்தது. இரத்தத்தைப் பொறுத்தவரை, கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை எனப்படும். ஆனால் ஹீமோகுளோபின் குறையும் முன்பே இரும்பின் இருப்புக் கரைந்திருக்கலாம். அவ்விருப்பை அளக்க ஃபெர்ரிட்டின் என்ற சோதனை உண்டு. அழற்சி இருக்குமிடத்தில் அது உயர்த்திக் காட்டி ஏமாற்றவும் கூடும். ஆகையால் பருத்தவர்களின் சோதனை முடிவைத் தாமே படித்துத் தேறாமல், மருத்துவரிடம் காட்டிப் பொருள் கேட்பதே முறை. மாதவிடாய்ப் பெருக்கு, குடற்புழு, மறைவான இரத்தக் கசிவு போன்ற வேறு காரணங்களையும் அவர்தாம் ஆராய்ந்து சொல்லவேண்டும்.

நம் பழக்கங்களிலும் சிறிது மாற்றம் செய்துகொள்ளலாம். சிற்றுண்டி முடிந்தவுடன் காப்பி என்பது தமிழ் வீடுகளில் எழுதாச் சட்டம். எந்த ஊருக்குக் குடிபோனாலும் வடிகட்டிப் பாத்திரம் நம்மோடு வந்துவிடுகிறது. 1983இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், உணவோடு காப்பி பருகியபோது இரும்பு ஏற்பு நூற்றுக்கு 39 பங்கும், தேநீர் பருகியபோது 64 பங்கும் குறைந்தன. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னர்ப் பருகிய காப்பி தீங்கு செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பருகியது, உணவோடு பருகியதற்கு ஒப்பாகவே தடுத்தது. ஆகவே காப்பியை விடவேண்டியதில்லை; உணவுக்கு முன்னே எழுப்பி நிறுத்தினால் போதும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றை உணவோடு சேர்ப்பது நன்று. எடை மிகுந்தவர்க்கு அதன் பயன் குறைவே ஆயினும் இல்லாமற் போவதில்லை. புளி சேர்ந்த குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியின் இரும்பில் சிறிது குழம்பில் இறங்கும். பாட்டிமார் கைவிடாத அச்சட்டியை நாமும் கைவிடவேண்டியதில்லை. மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால் அதனை இடையில் நிறுத்தாது உட்கொள்ளல் வேண்டும். எடையைக் குறைக்க முயல்வோர் உணவையே வெட்டிக் குறைத்தால் இரும்பும் உடன் குறையும். சோற்றின் அளவைச் சுருக்கிக் கீரையும் பருப்பும் பெருக்கி, நாள்தோறும் நடப்பதே தக்க வழி.

இவ்வரலாற்றில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெண் வெவ்வேறு பெயர்களில் வந்துபோகிறாள். லாங்கே அவளுக்கு மணம் செய்துவைக்கச் சொன்னார். ஆஸ்லர் அவள் உடலில் கொழுப்பு வற்றாமை கண்டு குறித்துவைத்தார். மேயர் அவள் இரத்தத்தை அளந்தார். அவளை வாட்டியது என்ன என்பதன் ஒரு பகுதியையேனும் இந்நூற்றாண்டின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். இனி அவளைச் சோம்பேறி என்பதற்கு அறியாமையைக் காரணமாகச் சொல்ல நமக்கு இடமில்லை. களைப்பு என்று ஒரு பெண் சொல்லும்போது, அவள் பருத்தவளாயினும் மெலிந்தவளாயினும், அச்சொல்லை முதலில் நம்பவேண்டும். பிறகு இரத்தத்தைச் சோதிக்கவேண்டும். அறிவுரை கூறுவது அதற்கும் பின்னரே ஆகட்டும்.